பணத்துக்கு வழி சொல்பவர் யார் பக்கம்?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று சொந்தக் காணிக்குத் திரும்பும்போதும் சரி, வந்த இடத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கும்போதும் சரி, கையில் காசு இருப்பதில்லை. நகையும் பெரும்பாலும் அடைவில் இருக்கும். அந்த வேளையில்தான் பணத்துக்கு வழி சொல்ல ஆட்கள் வருகிறார்கள். கோப்புடன் மோட்டார் சைக்கிளில் வரும் கம்பனி உத்தியோகத்தர், காப்புறுதி முகவர், சீட்டுப் பிடிப்பவர், சங்கச் செயலாளர் எனப் பலர். எல்லோரும் எமது நன்மைக்கே வந்ததாகச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்து எதையும் அறிய முடியாது. அவர் ஏன் இந்த வேலைக்கு வந்தார், அவருக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது, எம்மிடம் முதலில் எதைக் கேட்கிறார் என்பவற்றைக் கொண்டு ஓரளவு அறியலாம்.

இதற்கு ஜேர்மன் நாட்டுக் கிராமத்து மனிதர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன் 1818 இல் பிறந்தவர். கண் நோயினால் இராணுவ சேவையை விட்டவர், 1845 இல் வையர்புஷ் என்ற வறிய பகுதிக்கு நிர்வாகத் தலைவரானார். பணம் அவரது தொழிலாக இருக்கவில்லை. 1846-47 பஞ்சமே அவரை அதற்குள் இழுத்தது. வசதியுள்ளவர்களிடம் காசு திரட்டி, மா வாங்கி, ஊருக்கென ஒரு போறணை கட்டி, சனங்களுக்குக் கடனாகப் பாண் கொடுத்தார். அயலவரை நேசிப்பது கிறிஸ்தவரின் கடமை என்பதே அவரை நடத்திய எண்ணம்.

பஞ்சம் போன பின்னும் கடன் போகவில்லை. மாட்டைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, தவணை பிந்தினால் உள்ளதையும் கொண்டுபோகும் வியாபாரிகளிடம் கமக்காரர் சிக்கியிருந்தார்கள். 1849 இல் பிளாமர்ஸ்பெல்ட் என்ற இடத்தில் அவர் அமைத்த சங்கம் மாடுகளைத் தானே வாங்கி, பல வருடத் தவணையில் கமக்காரருக்குக் கொடுத்தது. ஆனால் இவையெல்லாம் செல்வந்தரின் நல்ல மனதில் தங்கியிருந்தன. அந்த மனம் நாளடைவில் களைத்துவிடும் என்பதை அவர் கண்டார். (நிவாரணத்தில் வாழ்ந்த எமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.) எனவே 1864 இல் ஹெடஸ்டோர்ப் என்ற ஊரில், கடன் எடுப்பவர்களே அங்கத்தவர்களாக இருக்கும் சங்கத்தை அமைத்தார்.

அச்சங்கங்களின் விதிகளில் எமக்கு மிகவும் பயன்படுவது ஒன்று. கணக்காளரைத் தவிர நிர்வாகிகள் எவருக்கும் சம்பளம் இல்லை. கடன் கூடக் கூடத் தன் வருமானம் கூடும் என்றிருப்பவர், "இந்தப் போகம் கடன் எடுக்காதே" என்று எப்படிச் சொல்வார்? சங்கம் ஒரு சிறு ஊருக்குள் நின்றது. எதற்காகக் கடன் என்று கேட்டது. மாட்டுக்கென எடுத்த காசு மாட்டுக்குப் போனதா என்பது அயலுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. இந்தக் கடைசி விதியில் எமக்குத் தயக்கம் உண்டு. பல ஊர்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் குடியேறியவர்கள் ஒருவரையொருவர் அறியுமுன் பிணை நின்றால் பகைதான் மிஞ்சும். அத்தகைய இடங்களில் ஒரு வருடமாவது சேமிப்பு மட்டும் நடக்கட்டும்.

இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்த வழியைப் பின்பற்றியே வந்தது. எமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களின் வேர் அங்கே இருக்கிறது.

2009 இல் யுத்தம் முடிந்த பின் வடக்கு கிழக்குக்கு லீசிங், நுண்கடன் கம்பனிகள் பெருமளவில் வந்தன. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் தவணை கட்ட முடியாதுபோன பெண்களின் 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர நேர்ந்தது. கிழமைதோறும் படலைக்கு வந்த இளைஞரைக் கோபித்துப் பயனில்லை. மாதம் இத்தனை கடன் கொடுக்க வேண்டும், இத்தனை அறவிட வேண்டும் என்று அவருக்கும் மேலிடம் கணக்கு வைத்திருக்கும். அவருடைய சொல்லை அந்தக் கணக்கோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

வட்டியை ஒருமுறை நாமே பார்ப்போம். 50,000 ரூபா கடன், "வருடம் 24 வீதம்", 12 மாதத் தவணை. வட்டி 12,000 ரூபா. ஆக 62,000 ரூபாவை மாதம் ஏறத்தாழ 5,167 ரூபாவாகக் கட்ட வேண்டும். ஆனால் 50,000 ரூபா முழுவதும் எம் கையில் இருந்தது முதல் மாதம் மட்டுமே. மாதாமாதம் முதல் குறைகிறது, வட்டி குறையவில்லை. சராசரியாக எம்மிடம் இருந்தது 27,000 ரூபா அளவுதான். உண்மை வட்டி 40 வீதத்துக்கும் மேல். முழுத்தொகைக்கு வட்டியா, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் கேட்குமுன்பே இதைச் சொல்வார். எத்தனை பரப்புச் செய்கிறீர்கள், அறுவடை எப்போது, வேறு கடன் உண்டா என்றும் விசாரிப்பார். உழுந்து மாசியில் வரும் வீட்டுக்குக் கிழமைத் தவணை பொருந்துமா என்று யோசிப்பவரும் அவரே.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒருவர் தமது கடன் பத்திரத்தைக் கொண்டுவரட்டும், பெயரை மறைத்தாவது. வாங்கிய தொகை, கட்டும் தவணை, தவணைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பலகையில் எழுதி, மேலே காட்டியபடி கணக்கிடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களையும் அந்த இடத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். வட்டிக் கணக்கை மனதில் போடுவதில் அவர்களே பலரிலும் கெட்டிக்காரர்.