மின்ன வேண்டாம், வந்த நிறம் போதும்

பழைய மாருதி 800 ஒண்ணை வாங்கித் தட்டி எடுக்கிற ஆசை உனக்கும் வந்தாச்சா? நல்லது தம்பி. ஆனா பானெட்டைத் திறந்த கையோட இன்ஜின்ல இருக்கிற அலுமினியப் பார்ட்டை எல்லாம் கழட்டி பஃபிங் கடைக்கு அனுப்பிடாதே. முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும், வாஸ்தவம். கம்பெனியில இருந்து வந்தப்போ அது அப்படி இல்லையே! இன்டேக் மேனிஃபோல்டு, தெர்மோஸ்டாட் ஹவுசிங், கியர்பாக்ஸ் கூடு எல்லாம் மங்கலான வெளிர் சாம்பல் நிறத்துலதான் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டு வர்றதுக்குத்தான் அக்கா சொல்ற இந்த டிப்ஸ்.

1. பழைய நிறத்தைத் தேடிப் பிடி. போல்ட்டைக் கழட்டினதும் வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பாரு. சுத்தி எல்லாம் கறுப்பு ஏறியிருக்க, அந்த வட்டம் மட்டும் புதுசா இருக்கும். பிராக்கெட்டுக்கு அடியிலயும் அப்படித்தான். அதை வெளிச்சத்துல வெச்சு போட்டோ எடுத்துக்கோ. நீ போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அதைத் தாண்டித் தேய்க்காதே.

2. வார்ப்போட அடையாளத்தை அழிக்காதே. அச்சுல வார்த்த பார்ட் வழவழன்னு இருக்கும், மணல்ல வார்த்தது சொரசொரன்னு இருக்கும். அச்சு சேர்ந்த கோடு, பார்ட் நம்பர், மெஷின் ஓடின கீறல் எல்லாம் அதோட பிறவிக் குணம். உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தினா திரும்ப வராது.

3. கார்புரேட்டரைத் தனியா வை. பார்க்க அலுமினியம் மாதிரி இருந்தாலும் பல கார்புரேட்டர் துத்தநாகக் கலவை. கையில தூக்கினா கனம் காட்டிக் கொடுக்கும். சிலதுல லேசான பொன் நிறம் ஓடும்; அது அழுக்கு இல்லை, கம்பெனி கொடுத்த பூச்சு. தேய்ச்சா போயிடும். கார்புரேட்டர் கிளீனர், மெல்லிய பிரஷ், அவ்வளவுதான்.

4. முதல்ல எண்ணெய்ப் பிசுக்கு. ஓட்டை எல்லாத்தையும் அடைச்சுட்டு, மண்ணெண்ணெய்யை பெயின்ட் பிரஷ்ஷால தடவி ஊற விடு. பனியன் வேஸ்ட்டால துடை. அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விடும் வெந்நீரும். பிசுக்கு போகாம அடுத்த வேலைக்குப் போனா திட்டுத் திட்டாத்தான் வரும்.

5. காஸ்டிக் சோடா பக்கமே போகாதே. அலுமினியச் சட்டியைச் சோடாவுல கழுவினா கறுத்துப் போகும், புளி போட்டா வெளுக்கும்னு அடுப்படியில பார்த்திருப்பே. இங்கயும் அதே கணக்கு. காஸ்டிக் அலுமினியத்தையே அரிச்சுடும், அதுல ஹைட்ரஜன் வாயு வேற கிளம்பும். பூத்துப் போன வெள்ளைக்கு எலுமிச்சை உப்பை வெந்நீர்ல கரைச்சு, நைலான் பிரஷ்ஷால தேய். சில நிமிஷத்துல நல்ல தண்ணியில அலசிடு. டாய்லெட் ஆசிட் வேண்டாம். வீல் கிளீனர் வாங்கினா லேபிளைப் படி. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்னு இருந்தா அங்கயே வெச்சுட்டு வா. அது தோல் வழியா உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் கெடுக்கும்.

6. இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு, அப்புறம் துருப் புள்ளியா எட்டிப் பார்க்கும். பித்தளை பிரஷ், இல்லேன்னா நைசான ஸ்காட்ச் பிரைட்டை சோப்புத் தண்ணியில நனைச்சு, ஒரே திசையில லேசா இழு. காயவெச்சுத் தேய்க்கிறதா இருந்தா மாஸ்க் போட்டுக்கோ.

7. பிளாஸ்டிங் கடையில "எதை வெச்சு அடிக்கிறீங்க?"ன்னு கேளு. மணல்னா வேண்டாம், சொரசொரப்பாகி அழுக்கை இன்னும் பிடிக்கும். கண்ணாடி மணி பரவாயில்லை. தண்ணியோட சேர்த்து அடிக்கிற வேப்பர் பிளாஸ்டிங் இருந்தா அதுதான் வார்ப்போட பழைய நிறத்துக்கு ரொம்பப் பக்கத்துல வரும். ஆனா ஆயில் ஓடுற வழி இருக்கிற சிலிண்டர் ஹெட்டைக் கொடுக்கிறதுன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசி. மூலையில ஒளிஞ்ச ஒரு பிடி மணி போதும், பேரிங்கைத் தின்னுடும். ஹெட்டுக்கு ஆப்ப சோடாவை வெச்சு அடிக்கிற சோடா பிளாஸ்டிங் நல்லது. மிச்சம் மீதி தண்ணியில கரைஞ்சுடும்.

8. கேஸ்கெட் உட்கார்ற முகத்துல எந்த வித்தையும் காட்டாதே. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடு. அங்க ஒரு கீறல் விழுந்தா ஆயில் கசியும். ஸ்காட்ச் பிரைட் துகள் ஆயில்ல கலந்தாலும் பேரிங்குக்குத்தான் கேடு.

9. சில்வர் பெயின்ட் அடிக்காதே. தூரத்துல இருந்தே பொய் தெரியும். கிளியர் லாக்கர் பூச்சும் சூடு படுற இடத்துல மஞ்சளாகி உரியும். மெல்லிசா எண்ணெய் தொட்ட துணியால ஒரு துடைப்பு. கொஞ்ச நாளுக்கு ஒரு தடவை அதையே திரும்பச் செய். பெயின்ட் போட்டே வந்த பார்ட்டுக்கு மட்டும் அதே நிறத்துல சூடு தாங்குற பெயின்ட்.

10. பூட்டும்போது போல்ட் மரையில ஆன்டி-சீஸ் கொஞ்சம் தடவு. இரும்பும் அலுமினியமும் ஈரத்துல சேர்ந்தா அரிச்சு ஒட்டிக்கும், அடுத்த தடவை மரையோடவே வரும். முறுக்குற அளவு கொஞ்சம் மாறும்கிறதால மெக்கானிக்கைக் கேட்டு டார்க் ரெஞ்ச் பிடி.

கடைசியா ஒண்ணு. ஒரே ஒரு பார்ட்டை மட்டும் புதுசாக்கினா பக்கத்துல இருக்கிறது எல்லாம் கிழடா தெரியும். எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து, அந்த இடத்துல நிறுத்து. யாராவது பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, "இதை யாரும் தொடவே இல்லை போல"ன்னு சொன்னா நீ ஜெயிச்சுட்டே.