கேபிளின் விலையும் திரையின் தெளிவும்

பெரிய தொலைக்காட்சிப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, தவணைக்கான படிவங்களிலும் கையொப்பமிட்டு முடித்த வாடிக்கையாளரிடம், விற்பனையாளர் இறுதியாக ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம்: ‘இவ்வளவு நல்ல டிவிக்குச் சாதாரண கேபிளா போடப் போகிறீர்கள்?’ எதிரே இரண்டு கேபிள்கள் இருக்கும். ஒன்றின் விலை சில நூறு ரூபாய். மற்றொன்றின் விலை ஐயாயிரமோ, அதற்கும் மேலோ. எழுபதாயிரம் ரூபாய் செலவழிக்கத் துணிந்த மனத்திற்கு ஐயாயிரம் சிறு தொகையாகவே தோன்றும். அதே தொகையை ஒரு சாதாரண நாளில், தனியே ஒரு கேபிளுக்காக எடுத்துக் கொடுப்போமா என்று எண்ணிப் பார்த்தால், அந்த வேளையின் மயக்கம் நமக்கு விளங்கும்.

விற்பனையாளரின் பேச்சு நம்பத்தக்கதாகத் தோன்றுவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளைக் கொண்ட கேபிள்களை வீட்டில் பயன்படுத்திய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவற்றின் வழியே படம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவே சென்றது. வழியில் ஏற்படும் ஒவ்வொரு இழப்பும் இடையூறும் திரையில் புள்ளிகளாகவும் மங்கிய நிறமாகவும் அப்படியே தெரிந்தது. அன்று நல்ல கேபிளுக்கும் மட்டமான கேபிளுக்கும் இருந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் 2002ஆம் ஆண்டு டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்டிஎம்ஐ முறையில், கேபிளின் வழியே செல்வது படத்தின் சாயல் அன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய எண். நிலைமை மாறிவிட்டது, நம் நினைவு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்குப் பத்தாயிரம் ரூபாயை மின்னணு முறையில் அனுப்பினால், அது பத்தாயிரமாகவே போய்ச் சேரும்; இல்லையேல் திரும்பி வந்துவிடும். இணைய இணைப்பு மந்தமாக இருந்ததனால் 9,990 ரூபாயாகத் தேய்ந்து சேர்வதில்லை. எச்டிஎம்ஐ கேபிளிலும் எண்கள் பிழையின்றிச் சேர்ந்துவிட்டால், சேர்த்தது எந்தக் கேபிள் என்பது திரைக்குத் தெரியாது. கேபிள் தன் எல்லையை மீறித் திணறும்போது நேர்வது வேறு: திரையில் வெண்பொறிகள் மின்னும், ஒலி விட்டுவிட்டு வரும், சில நொடிகள் திரை கறுத்துப்போகும், அல்லது சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு தோன்றும். இவற்றை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. ‘கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும், நிறங்கள் இன்னும் செழிப்பாக இருக்கும்’ என்ற வாக்குறுதிக்கு இந்த முறையில் இடமே இல்லை. கடையில் இரண்டு திரைகளை அருகருகே வைத்துக் காட்டினால், ஒரே திரையில், ஒரே படத்தை, அமைப்புகள் எதையும் மாற்றாமல், கேபிளை மட்டும் மாற்றிக் காட்டுமாறு கேட்போம்.

தங்க முலாம் பற்றியும் ஒரு சொல். தங்கம் என்று கேட்டாலே நம் நாட்டில் கை தானாகப் பணப்பைக்குச் செல்லும். உண்மையில் மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கம் செம்புக்கும் வெள்ளிக்கும் பின்னால்தான் நிற்கிறது. அதன் சிறப்பு, களிம்பு பிடிக்காமை. கடலோர ஊர்களில் அது பயனுள்ள குணமே. ஆயினும் அந்த மெல்லிய முலாம் சில நூறு ரூபாய்க் கேபிள்களிலும் பரவலாகக் கிடைக்கிறது.

அப்படியானால் எல்லாக் கேபிள்களும் ஒன்றா? அல்ல. இங்கே பார்க்க வேண்டியது விலையை அன்று, வகையை. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை அவை அனைத்தும் புதுப்பிக்கப்பட வேண்டுமானால், முழு நிற விவரத்துடன் நொடிக்குச் சுமார் 18 ஜிகாபிட், அதாவது 1,800 கோடி இலக்கங்கள், கேபிளின் வழியே ஓட வேண்டும். ‘ஹை ஸ்பீடு’ என்ற வகை 10.2 ஜிகாபிட்டுக்கு உரியது. செட்டாப் பாக்ஸுக்கு அது தாராளமாகப் போதும். ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ 18 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளின் தேவை இத்துடன் நிறைவடைகிறது. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் 8கே திரைகளுக்கும் 48 ஜிகாபிட் தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ வேண்டும். கடைசி இரு வகைகளின் உறையில் கியூஆர் குறியீட்டுடன் கூடிய சான்றிதழ் ஒட்டப்பட்டிருக்கும். எச்டிஎம்ஐ உரிம நிர்வாகத்தின் கைபேசிச் செயலியால் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘2.1 கேபிள்’ என்று மட்டும் அச்சிட்டு, வகையின் பெயரையும் சான்றிதழையும் காட்டாத உறையை நாம் நம்ப வேண்டியதில்லை. 2.1 என்பது தொழில்நுட்ப விதித்தொகுப்பின் எண். கேபிளின் வகைப் பெயர் அன்று. புதிய கருவிகள் பலவற்றின் பெட்டிக்குள்ளேயே தேவையான கேபிள் இருக்கும் என்பதையும் கடையில் பலர் மறந்துவிடுகிறோம்.

பணம் உண்மையாகவே வேலை செய்யும் இடம் நீளம். இரண்டு, மூன்று மீட்டர் தொலைவுக்குச் செம்புக் கேபிளே போதுமானது. தொலைவு கூடக்கூட வேகமான சிக்னல் செம்பில் விரைவாகத் தேய்கிறது. 48 ஜிகாபிட் வகையில் சாதாரணச் செம்புக் கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டுவது அரிது. கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்குப் பத்து, பதினைந்து மீட்டர் தேவைப்படுகையில், கண்ணாடி இழையின் வழியே ஒளியாகச் சிக்னலை அனுப்பும் கேபிளுக்குச் சில ஆயிரம் செலவிடுவது நியாயமே. இவ்வகைக் கேபிளுக்குத் திசை உண்டு. எந்த முனை திரைக்கு, எந்த முனை கருவிக்கு என்று அதன்மீதே குறித்திருப்பார்கள். தலைகீழாகப் பொருத்திச் சுவரைப் பூசிவிட்டால் திரையில் எதுவும் வராது.

வீட்டுக் கடன் பெற்றுப் புது வீடு கட்டுவோர் இதில் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். 2012இல் எத்தனை விலை உயர்ந்த கேபிளைச் சுவருக்குள் பதித்திருந்தாலும், 2017இல் வந்த 48 ஜிகாபிட் வகையின் சோதனைக்கு அது உட்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே கேபிளைப் பூச்சுக்குள் புதைப்பதைவிட, அதை இழுத்து மாற்றுவதற்கான வழியைப் புதைப்பதே அறிவுடைமை. மின்வயருக்காகப் போடும் 25 மில்லிமீட்டர் குழாயின் வளைவுகளில் எச்டிஎம்ஐ கேபிளின் தலை சிக்கிக்கொள்ளும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத பிவிசி குழாயை, கூர்மையான முழங்கை வளைவுகள் இல்லாமல் அமைத்து, உள்ளே ஓர் இழுகயிற்றை விட்டுவைக்குமாறு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். பின்னாளில் சுவரையும் பொய்க்கூரையையும் உடைத்துப் பூசி வண்ணமடிக்கும் செலவு எந்தக் கேபிளின் விலையையும் விஞ்சிவிடும்.

ஒலிபெருக்கி வயர் மட்டும் இன்றும் பழைய விதிக்குக் கட்டுப்பட்டது. அதில் செல்வது எண் அன்று, மின்னோட்டமே. பத்து மீட்டர் தொலைவில் உள்ள ஒலிபெருக்கிக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் போட்டால், போக வர அதன் மின்தடை சுமார் 0.7 ஓம், 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.23 ஓம் மட்டுமே. நான்கு ஓம் ஒலிபெருக்கிக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. இங்கும் வேண்டியது தடித்த, கலப்பற்ற செம்பே அன்றி அலங்கார உறை அல்ல. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கும். அதன் தடை கூடுதல்.

கேபிளின் விலையைத் தொலைக்காட்சியின் தவணையோடு சேர்க்க முன்வந்தால் சற்றே நிதானிப்போம். வட்டியே இல்லாத கடன் என்ற கருத்துக்கே இடமில்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியுள்ளது. ‘கட்டணமில்லாத் தவணை’ என்று விளம்பரப்படுத்தப்படும் திட்டங்களில் பொதுவாக வட்டிக்கு இணையான தொகை முன்கூட்டியே தள்ளுபடியாகத் தரப்படுகிறது. அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும், இருந்தால் செயலாக்கக் கட்டணமும் வாடிக்கையாளரையே சேரும். கேபிளுக்குத் தனி வரியுடன் ரசீது பெறுவதே நல்லது. உறையில் அதிகபட்ச சில்லறை விலையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரியும் இருக்க வேண்டும்.

வாங்கியபின், திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள், நம் கருவி தரக்கூடிய மிக உயர்ந்த படநிலையில் ஒரு முழுத் திரைப்படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெண்பொறியும் திரைக் கறுப்பும் இன்றி அது ஓடி முடிந்தால், அந்தக் கேபிள் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியதாயினும் மாற்ற வேண்டியதில்லை. குறை தெரிந்தும் கடை ஏற்க மறுத்தால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.