இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை

புலாவ் செபாங் இரயில் நிலையத்தின் பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. புலாவ் செபாங் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டியுள்ள தம்பின் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. இவ்வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தலைமுறையினர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட்டனர்.

அத்தலைமுறையைச் சேர்ந்த 78 வயதுத் தாத்தா ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாள் காலையில் தேநீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டுகிறார், கை வரவில்லை. பக்கவாதம். மருத்துவமனையில் உயிர் பிழைத்துக் கொள்கிறார். சில நாள்களுக்குப் பின், இனி அவருக்குத் தேவை பராமரிப்புதான் என்று மருத்துவர் கூறுகிறார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தாத்தா ஒரு பராமரிப்பு இல்லத்திற்கு வந்து சேர்கிறார்.

அங்கே அவரை வரவேற்கும் தாதி முதலில் பார்ப்பது அவருடைய முகத்தை. அடுத்துப் பார்ப்பது அவரோடு வந்த கோப்பை. வலப்பக்கம் செயலற்றுவிட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியே உணவுக் குழாய் செருகப்பட்டுள்ளது. சிறுநீருக்கு வேறொரு குழாய். நீண்ட நாள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், பலவீனமான சிறுநீரகம். ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள்.

முன்பெல்லாம் முதியோர் இல்லம் என்றால், நடமாடக்கூடிய ஆனால் ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் இடம் என்றே நாம் எண்ணினோம். இன்று அங்கே வருவோரில் பலர் மருத்துவமனை வார்டில் இருக்க வேண்டியவர்களைப் போல் இருக்கிறார்கள். இதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. முன்பு உயிரைப் பறித்த மாரடைப்பையும் பக்கவாதத்தையும் இன்றைய மருத்துவம் வென்றுவிடுகிறது. ஆனால், பிழைத்தவர் பழைய உடலோடு திரும்புவதில்லை. புதிய நோயாளிகளுக்குக் கட்டில் தேவைப்படுவதால் மருத்துவமனைகளும் முன்னைவிட விரைவாக நோயாளிகளை அனுப்பி வைக்கின்றன. இவற்றோடு நாட்பட்ட நோய்களும் சேர்ந்துகொள்கின்றன. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம்.

இனி, தாதியின் வேலைக்கு வருவோம். நம் பெரியவர்கள் தாதியை ‘மிஸி’ என்றே அழைப்பார்கள்.

“தாத்தா, கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிப் படுக்கலாமா?”

“இப்பத்தானே மிஸி திருப்பி விட்டீங்க?”

“அது ரெண்டு மணி நேரம் ஆச்சு தாத்தா.”

பார்ப்பதற்கு மிகச் சிறிய வேலை. ஏன் இதை இரவு பகலாகச் செய்ய வேண்டும்? நாம் உறங்கும்போது நம்மை அறியாமலேயே புரண்டு படுக்கிறோம். தாத்தாவால் அது முடியாது. அவருடைய குதிகால், இடுப்பின் பின்புறம் போன்ற இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்குகிறது. அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சதை மெல்ல அழுகத் தொடங்கும். அதுதான் படுக்கைப் புண். சிலருக்கு எலும்பு தெரியும் அளவிற்குக் குழி விழும். அதன் வழியே கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும்.

புண் வருமுன் தோல் ஓர் எச்சரிக்கை தரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் அது ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். ஆனால், இந்தப் பாடம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம் தாத்தா பாட்டியின் கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே, அனுபவமுள்ள தாதி கண்ணை மட்டும் நம்புவதில்லை. புறங்கையால் தொட்டு, சூடாக இருக்கிறதா, சுற்றியுள்ள தோலைவிடக் கடினமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்.

இந்த எளிய வேலையின் வலிமையை வரலாறும் காட்டியுள்ளது. ஒரு காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோவார்கள் என்றே மருத்துவர்கள் கருதினர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இந்த எண்ணத்தை ஏற்க மறுத்தார். காயமுற்ற போர்வீரர்களை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும்கூட, திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். வீரர்கள் பிழைத்தனர். 1948இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அவர்களுள் சிலர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அப்போட்டியே பின்னாளில் பாராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது. குட்மனின் பெயரை உலகம் அறியும். இரவெல்லாம் திருப்பிப் போட்ட கைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

உணவு கொடுப்பதும் அவ்வளவு எளிதன்று. உணவுக் குழாயின் முனை இரைப்பையில்தான் உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். குழாயிலிருந்து சிறிது நீரை உறிஞ்சி, அமிலத் தன்மையைக் காட்டும் தாளில் விட்டுப் பார்ப்பார்கள். முனை நுரையீரலுக்குள் இருந்தால், ஊற்றும் பாலே நோயாளியைக் கொன்றுவிடும். தாத்தாவின் தலைப்பகுதியையும் உயர்த்தி வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது கவனிப்பது. இளைஞருக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டால் காய்ச்சல் அடிக்கும். முதியவருக்குச் சில நேரங்களில் காய்ச்சலே வராது. நேற்று வரை பேசிய தாத்தா இன்று பேசாமல் படுத்திருப்பார், மகனைப் பார்த்து “நீ யார்?” என்பார், மூச்சு சற்று வேகமாக இருக்கும். பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. மருத்துவமனையில் மருத்துவர் அருகில் இருப்பார். எந்நேரமும் இரத்தச் சோதனை செய்யலாம். பராமரிப்பு இல்லத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு, இவரை மருத்துவமனைக்கு அனுப்புவதா, காலை வரை காத்திருப்பதா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர் தாதிதான்.

ஒரே தாத்தா என்றால் சரி. ஆனால், ஓர் இரவில் எத்தனைத் தாத்தாக்கள், எத்தனைப் பாட்டிகள்! ஒருவரைத் திருப்பிச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் என்று கொண்டால், பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பன்னிரண்டாமவரை முடிக்கும்போது முதலாமவரின் முறை மீண்டும் வந்துவிடும். மருந்து கொடுக்கவும் குறிப்பு எழுதவும் நேரம் ஏது? இது சோர்வு பற்றிய பேச்சு மட்டுமன்று. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சை நோயாளிகளைக் கணக்கிட்டது. ஒரு தாதியின் பொறுப்பில் இன்னும் ஒரு நோயாளி கூடினால், நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது என்று அது கண்டறிந்தது. பராமரிப்பு இல்லம் வேறு வகை இடம்தான். ஆயினும், கைகள் குறைந்தால் கவனிப்பு குறையும் என்பதை அங்கும் மறுக்க முடியாது. தாதியர் சிலர் முதுகு வலியால் வேலையை விடுகின்றனர். சிலர் நல்ல சம்பளம் நாடி வெளிநாடு செல்கின்றனர்.

எல்லாச் சுமையையும் இல்லங்களின் மீதே ஏற்ற வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு 2014 முதல் வீட்டு நோயாளர் பராமரிப்புச் சேவையை நடத்தி வருகிறது. சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தாதியும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் படுக்கையிலுள்ள நோயாளியின் வீட்டிற்கே வந்து, புண்ணைக் கட்டி, குழாயை மாற்றி, குடும்பத்தாருக்கும் கற்றுக் கொடுக்கின்றனர். வேலையிடத்தில் காயமுற்ற தொழிலாளர்களுக்கு மலாக்காவிலேயே பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் உள்ளது. உங்கள் வீட்டில் படுக்கையிலிருக்கும் பெரியவர் இருந்தால், கிளினிக்கில் இச்சேவையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் நம் தாத்தாவிடம் வருவோம். விடியற்காலை மணி ஐந்து. தாதி போர்வையை விலக்குகிறார். “தாத்தா, திரும்பலாமா?” வழக்கமாக முணுமுணுக்கும் தாத்தா இன்று பதில் பேசவில்லை. குதிகாலைத் தொட்டுப் பார்க்கிறார். அங்கே சூடு இல்லை. பிறகு, கடிகாரத்தைப் பார்த்தவாறு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். இருபத்தாறு. மறுமுறை எண்ணுகிறார். அதே இருபத்தாறு. கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்திவிட்டு, மருத்துவரை அழைக்கத் தொலைபேசியை எடுக்கிறார்.