கப்பலில் சாப்பாடு: முடிச்சூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

2022 ஜூன் மாதம் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய்வரத் தொடங்கியது. முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் கப்பல் பயணம் என்பது இப்போது சாதாரணப் பேச்சாகிவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் போகிறார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று கப்பலேறுகிறவர்களும் உண்டு.

இப்படிப் போகிறவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது அது. குடும்பமாகக் கிளம்பினால் ஒருவருக்காவது சுகர் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ பையில் இருக்கும். ஆகவே கப்பலில் டயட் என்று நான் சொல்வது இடுப்பளவைப் பற்றியதல்ல. ஐந்து நாளில் யாருடைய எடையும் தலைகீழாக மாறிவிடாது. நேரம் தவறிய மாத்திரை, உப்பு மிகுந்த சாப்பாட்டால் ஏறும் ரத்த அழுத்தம், நடுக்கடலில் வரும் வயிற்றுப்போக்கு, இந்த மூன்றும்தான் என் கவலை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

டிக்கெட் போடும்போதே உணவுத் தேவையைச் சொல்லிவிடுங்கள். சைவமா, முட்டை கூடாதா, வேர்க்கடலை ஒவ்வாமையா, உப்புக் குறைவா என்று எழுத்தில் கொடுங்கள். எம்பிரஸில் ஜெயின் உணவு தனியாகக் கிடைக்கிறது. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு அது வசதி. ஏறிய பிறகு சமையல்காரரைத் தேடிப் பேசுவதைவிட முன்கூட்டியே சொல்வது நல்லது. ஆயிரம் பேருக்குமேல் சமைக்கும் அடுக்களையில் கடைசி நேரத்தில் எதையும் மாற்றுவது கடினம்.

மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மாத்திரைச் சீட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் நீங்கள் போடும் அதே மாத்திரை அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பிறகுதான் கேபினுக்கு அனுப்புவார்கள்.

இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து கப்பலேறுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் முக்கியமாக, எந்த நேரத்துக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏறும் நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போட்டுக்கொள்கிறார் ஒருவர். ‘கப்பல்ல போய் நல்லா சாப்பிட்டுக்கலாம்’ என்று வழக்கமான நான்கு இட்லிக்குப் பதில் இரண்டோடு எழுந்துவிடுகிறார். தாம்பரத்தில் மின்ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. துறைமுகத்தில் பெட்டிச் சோதனை, அடையாள அட்டை, இலங்கைப் பயணம் என்றால் பாஸ்போர்ட் வரிசை, பிறகு கேபின் அட்டைக்கு இன்னொரு வரிசை. சாப்பாட்டுத் தட்டு கைக்கு வர மதியம் இரண்டரை மணிகூட ஆகலாம். மாத்திரை அதுவரை காத்திருக்காது. பன்னிரண்டரைக்கே கை நடுங்கும், சட்டை வியர்வையில் நனையும், பேச்சு குழறும். வெயில் என்று நினைத்துக்கொண்டு அவர் வரிசையிலேயே நிற்பார்.

அன்று காலை வழக்கமான அளவு சாப்பிடுங்கள். இட்லி, சாம்பாரோடு ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ந்தால் பசி தாங்கும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று. வீட்டுச் சமையலைக் கப்பல்களில் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள், ஆகவே புளிசாதம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அடங்காவிட்டால் இன்னொரு முறை. அடங்கியதும் பிஸ்கட். பக்கத்தில் நிற்பவரிடம் ‘லோ சுகர்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வரிசையில் முன்னால் விட யாரும் மறுக்கமாட்டார்கள்.

கப்பலில் செய்ய வேண்டியவை

பஃபேயில் முதல் சுற்று வெறுங்கையோடு போங்கள். நம் கல்யாணப் பந்தியில் பரிமாற வருகிறவரிடம் இலைமேல் கையை மறித்துப் போதும் என்று சொல்லலாம். பஃபேயில் பரிமாறுகிறவர் நாமே, மறிக்கிறவரும் நாமேதான். காலையில் வாசலுக்குப் பக்கத்தில் பூரி, அடுத்து உருளைக்கிழங்கு பராத்தா, பிறகு பொங்கல், அதன் பிறகுதான் இட்லியும் தோசைக்கல்லும். முட்டை போடுகிறவர் இன்னொரு மூலையில் நிற்பார். வெட்டிய பப்பாளியும் தர்பூசணியும் கடைசியில் இருக்கும். முதல் கவுண்டரிலேயே தட்டை எடுத்தவரிடம் பழத்துக்கு இடம் மிஞ்சாது. ஒரு தரம் முழுதும் நடந்து பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று முடிவு செய்தபின் தட்டை எடுங்கள்.

தட்டில் பாதி காய்கறியும் பழமும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. நாளைக்குக் காய்கறியும் பழமும் சேர்த்து அரை கிலோ என்பது அதன் கணக்கு. வீட்டில் அரை கிலோ காய் நறுக்க அலுப்பாக இருக்கலாம். கப்பலில் வெள்ளரியும் கேரட்டும் வேகவைத்த பீன்ஸும் நறுக்கி வைத்தே இருக்கின்றன. நம்மவர்கள் அந்தக் கவுண்டரைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காயையும் பருப்பையும் மீனையும் முதலில் சாப்பிடுங்கள், சோறும் நான் ரொட்டியும் கடைசியில். ஒரே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டால் உணவுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத வழி இது. எதையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

மீன், கோழி எடுக்கும்போது சுட்டதா, பொரித்ததா, கிரீம் ஊற்றியதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கப்பல் சிப்பந்திகள் இதற்குப் பழகியவர்கள்.

இனிப்பு சாப்பிடுங்கள், ஒன்றே ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. விடுமுறைக்குப் போன இடத்தில் குலாப் ஜாமூனை எட்டி நின்று பார்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவர்தான் மூன்றாம் நாள் இரவு நான்கு சாப்பிடுவார்.

சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடங்கள். எம்பிரஸில் பதினோரு தளங்கள். மூட்டு நன்றாக இருந்தால் லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் ஏறுங்கள். விடியற்காலை டெக்கில் கூட்டம் இருக்காது, கடற்காற்றில் அரை மணி நேரம் தாராளமாக நடக்கலாம். வீட்டில் தினமும் நடக்கிறவர்கள் கப்பலில் அதை விட்டுவிடக் காரணமே இல்லை.

சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், இருபது விநாடி. உலகமெங்கும் கப்பல்களில் அடிக்கடி பரவும் வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். வாசலில் வைத்திருக்கும் சானிட்டைசர் அதன்மேல் சரியாக வேலை செய்யாது. எல்லோரும் தொட்ட கரண்டியை நீங்களும் தொட்டிருப்பீர்கள், அதே கையால்தான் பிசைந்து சாப்பிடப் போகிறீர்கள். தட்டை நிரப்பி மேசையில் வைத்தபின் இன்னொரு முறை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.

தண்ணீர். ஏசியில் தாகம் தெரியாது, ஆகவே பாட்டிலைக் கையோடு வைத்திருங்கள்.

கரையில் இறங்கும் நாள் கப்பல் சாப்பாட்டுக்கு ஓய்வு கொடுங்கள். காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் பக்கம்தான். சிவப்பரிசிப் புட்டும் மீன் குழம்பும் வயிற்றுக்கு நிறைவு. பருவமாக இருந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும், சுகர் உள்ளவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அம்பாந்தோட்டைப் பக்கத்தில் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் பெயர் பெற்றது. அதன்மேல் ஊற்றும் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகைத்தான் அளந்து ஊற்ற வேண்டும். தாகத்துக்குச் செவ்விளநீர் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். எங்கே சாப்பிட்டாலும் சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள். கிளம்பும் நேரம் வந்தால் கப்பல் யாருக்காகவும் நிற்காது, சாப்பிட நேரமில்லாமல் ஓடிவர வேண்டியிருக்கலாம் என்பதால் பிஸ்கட் பாக்கெட்டை அன்றும் மறக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

‘காசு கொடுத்தாச்சே’ என்று சாப்பிடாதீர்கள். பயணக் கட்டணத்தில் சாப்பாடு அடக்கம் என்பதால் விட்டதெல்லாம் நஷ்டம் என்று தோன்றுகிறது. நம் நடுத்தரக் குடும்பங்களின் வளர்ப்பு அப்படி. ஆனால் நான்காவது வடை உங்கள் கணக்கில் எதையும் மீட்டுத் தராது. அந்தக் கட்டணம் கேபினுக்கும் கடலுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்துத்தான். சாப்பிட்டு மயங்கிக் கேபினில் படுத்துக்கிடக்கிறவர்தான் அதையெல்லாம் இழக்கிறார்.

இரவு விருந்துக்காக மதியம் பட்டினி கிடக்காதீர்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது ஆபத்து. மற்றவர்கள் இரவில் இரட்டிப்பாகச் சாப்பிடுவார்கள்.

சர்க்கரையைக் குடிக்காதீர்கள். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு டின்னில் ஒரு நாள் கணக்கு தாண்டிவிடுகிறது. காலை உணவு மேசையில் இயந்திரத்திலிருந்து பிடிக்கும் ஆரஞ்சு ஜூஸும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். பழம் வேண்டுமென்றால் பழமாகவே சாப்பிடுங்கள்.

குடிப்பழக்கம் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது. மதுவும் சுகர் மாத்திரையும் சேர்ந்தால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட, சர்க்கரை இறங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் போதை என்று நினைத்து விட்டுவிடுவார். இப்படித்தான் உயிராபத்து வருகிறது. குடித்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும், கூட இருப்பவரிடம் சொல்லிவைக்கவும் வேண்டும்.

ஊறுகாய், அப்பளம், சூப் மூன்றையும் ஒரே வேளையில் எடுக்காதீர்கள். நாளைக்கு ஐந்து கிராம் உப்பு போதும், அது ஒரு டீஸ்பூன். பிரஷர் உள்ளவர்களுக்கு மூன்றாம் நாள் கால் வீங்கினால் முதலில் இந்த மூன்றையும் நிறுத்துங்கள். மூச்சு வாங்கினால் கப்பல் மருத்துவரிடம் போக யோசிக்காதீர்கள்.

அலை அதிகமுள்ள நாளில் வயிற்றைக் காயப்போடவும் கூடாது, எண்ணெய்ப் பலகாரத்தால் நிரப்பவும் கூடாது. இட்லி, தயிர்சாதம், டோஸ்ட் போதும். இஞ்சி கொஞ்சம் உதவும். குமட்டல் மாத்திரை தூக்கம் தரும், அதோடு மது சேரக்கூடாது. வாந்தி எடுத்துக்கொண்டே சாப்பாடு இறங்காத நிலையில் சுகர் மாத்திரையை வழக்கம்போல் விழுங்காதீர்கள், இன்சுலினை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். இரண்டையும் கப்பல் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்சுலினைக் கேபின் ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டருகே வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண். பயன்பாட்டில் இருக்கும் பேனா ஏசி அறையில் வெளியிலேயே இருக்கலாம்.

குழந்தைகளைத் தட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டாதீர்கள். அளவாக வைத்துக் கொடுங்கள், வேண்டுமென்றால் மறுபடி எடுக்கலாம் என்று சொல்லுங்கள். வீணாக்கக்கூடாது என்பதற்கு அந்த ஒரு வழி போதும்.

கடைசி இரவு மீதிப் பலகாரத்தைக் கைப்பையில் கட்டிக்கொண்டு வரவேண்டாம்.

வீடு திரும்பிய பிறகு

மறுநாள் எடை மெஷினில் ஏறிப் பயந்துவிடாதீர்கள். கூடியிருப்பதில் பெரும்பங்கு உப்பால் தேங்கிய நீர். பட்டினியும் வேண்டாம், ஜூஸ் விரதமும் வேண்டாம். கீரை, மோர், இரண்டு வேளை வீட்டுச் சாப்பாடு, மாலையில் நடை என்று பழைய ஒழுங்குக்குத் திரும்பினாலே நான்கைந்து நாளில் சரியாகிவிடும்.

சுகர் உள்ளவர்கள் ஒரு வாரத்துக்குள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். பிரஷரையும் அன்றே பார்த்துக்கொள்ளலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.