அம்பிட்டியவில் கற்பித்த பாடம் எங்கிருந்து வந்தது?



கண்டி நகரையடுத்த அம்பிட்டிய மலையிலுள்ள குருமடத்தை நம்மில் பலர் அறிவோம். 1893ம் ஆண்டு 13ம் சிங்கராயர் பாப்பரசர் கண்டியில் நிறுவிய பாப்பரசர் குருமடம் இம்மலையில்தான் இயங்கியது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கு குருத்துவக் கல்வி பெற்றனர். 1955ல் அது பூனா நகருக்கு மாற்றப்பட்டது. இன்று இங்கே நமது தேசிய குருமடம் இயங்குகிறது.

இதே பாப்பரசர், 1879ல் விடுத்த சுற்றுமடல் ஒன்றில், புனித தோமஸ் அக்குவினாரின் மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் மீண்டும் கற்பிக்கும்படி பணித்திருந்தார். அக்குவினார் திருச்சபையின் பேராசான். ஆனால் அந்தப் பேராசானுக்கு ஆசான்கள் யார்?

முதலாவது, கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில். அவருடைய நூல்களிற் பெரும்பாலானவை மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் கிடைக்கவில்லை. கிழக்கே பிசாந்தியக் கிறிஸ்தவப் பேரரசில் அவை கிரேக்க மொழியிலேயே படியெடுத்துக் காக்கப்பட்டன. அவ்வாறு காக்கப்பட்ட மூலங்களிலிருந்தே, 13ம் நூற்றாண்டில் மோர்பெக்கே ஊர் வில்லியம் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

இரண்டாவது வழி பக்தாத் நகரம். 9ம் நூற்றாண்டில் இஸ்லாமிய கலீபாக்களின் ஆட்சியில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். கிரேக்க நூல்களை அவர் சீரிய மொழிக்கும் அறபு மொழிக்கும் பெயர்த்தார். முஸ்லிம் ஆட்சியாளர் ஆதரவளிக்க, கிறிஸ்தவர் மொழிபெயர்த்தார்! பின்பு 12ம் நூற்றாண்டில், ஸ்பெயினின் தொலேதோ நகரில் கிரெமோனா ஊர் ஜெரார்டு போன்றோர் அறபு நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தனர்.

மூன்றாவது, முஸ்லிம் அறிஞர்கள். ஒரு பொருள் இன்னதென்பது வேறு, அது உண்டென்பது வேறு என்று இப்னு சீனா (இறப்பு 1037) விளக்கினார். கடவுளைப் பற்றி எழுதும்போது அக்குவினார் இந்த விளக்கத்தைப் பயன்படுத்தினார். அரிஸ்டோட்டிலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்தை (இறப்பு 1198), பெரும்பாலும் "உரையாசிரியர்" என்றே குறிப்பிட்டார். எல்லா மனிதருக்கும் ஒரே அறிவு என்ற அவரது கருத்தை 1270ல் வன்மையாக மறுத்தும் எழுதினார். படித்து, விளங்கி, பின்பு மறுத்தார்.

இதை இன்று ஏன் சொல்கிறோம்? 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டிச் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019 உயிர்த்த ஞாயிறன்று நமது ஆலயங்களில் இரத்தம் சிந்தப்பட்டது. அந்தக் காயம் ஆறவில்லை. குற்றம் செய்தவர்களுக்கு நீதி கேட்பது நம் உரிமை. ஆனால் ஒரு சமூகம் முழுவதையும் பகைவரென்று பிள்ளைகளுக்குப் போதிக்க நமக்கு உரிமையில்லை. முஸ்லிம்களை மதிப்புடன் நோக்கும்படி 1965ல் 2ம் வத்திக்கான் சங்கமும் நமக்குக் கற்பித்தது.

பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அம்பிட்டியவில் நம் குருக்கள் கற்ற மெய்யியலுக்குள் பக்தாதின் உழைப்பும் கொன்ஸ்தாந்திநோபிளின் உழைப்பும் கலந்திருக்கின்றன. பெற்ற கடனை அறிந்த பிள்ளை, அயல்வீட்டுக்காரனை வெறுக்க எளிதில் துணியாது.