பிரேக்கின் ஒலி உணர்த்துவது

மோட்டார் வண்டியின் பிரேக்கில் எழும் ஒலி, பழுதின் தன்மையைப் பெரும்பாலும் முன்னரே அறிவிக்கின்றது. மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டியின் இரும்பு டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். காலையில் எழும் உரசல் ஒலி, சிலமுறை பிரேக்கை அழுத்தியதும் மறைந்துவிடும். இதனால் தீங்கில்லை. மறையாது நீடிக்கும் கீச்சொலி கவனத்திற்குரியது. பல வண்டிகளில், ‘பேட்’ எனப்படும் உராய்வுப் பட்டை தேய்ந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவே எஞ்சும்போது, அதிலுள்ள சிறு எஃகுத் தகடு டிஸ்க்கில் உரசி இவ்வொலியை எழுப்புமாறு அமைக்கப்பட்டுள்ளது. அப்போதே பட்டையை மாற்றிவிட வேண்டும். பிரேக்கை அழுத்துந்தோறும் ‘கரகர’வென ஒலிக்குமாயின், பட்டை முற்றிலும் தேய்ந்து உலோகத்தோடு உலோகம் அரைபடுகின்றது எனக் கொள்ளலாம். அந்நிலையில் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் மிகும். ஆகவே, பணிமனை அருகில் இருப்பினும் வண்டியை ஓட்டாது இழுத்துச் செல்வதே தக்கது.