சேற்றில் ஆகாரம் தேடும் திமிங்கிலம்

திமிங்கிலம் என்றவுடனே, நடுச் சமுத்திரத்தில் பெருமீன்களைத் துரத்தி விழுங்கும் ராட்சசப் பிராணி ஒன்றே ஜனங்களின் மனக்கண்ணில் எழுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் ராஜ்யத்து டெப்போ பே என்னும் சிற்றூரில் கோடைகாலத்தில் நின்று கடலைக் கவனிப்பவர்களிடம் இந்த அபிப்பிராயம் வெகுநேரம் நிலைப்பதில்லை; ஏனெனில் அங்கே, பாறைகளை ஒட்டி வளர்ந்திருக்கும் கெல்ப் என்னும் நெடிய கடற்பாசிகளினிடையே, நாற்பதடி நீளமுள்ள சாம்பல் திமிங்கிலம் தேடித் திரிவது, இறாலின் சாயலில் விரல்நுனி அளவே உள்ள மைசிட் என்னும் அற்ப ஜீவன்களையே. அது மேலே பீச்சுவது கடல்நீர் என்பதும் தவறு. உஷ்ணமான சுவாசம் குளிர்காற்றில் பனித்துளிகளாகத் திரள்வதே அந்தப் புகை.

இத்திமிங்கிலம் சேற்றைத் தின்கிறது என்ற நம்பிக்கைதான் நிதானமாக ஆராயத்தக்கது. வடக்கேயுள்ள பெரிங் கடலிலும் சுக்சி கடலிலும், அடித்தரைச் சேற்றில் குழாய் போன்ற கூடு கட்டி வாழும் நுண்ணிய ஓட்டுடல் உயிர்களே இதற்குப் பிரதான ஆகாரம். ஆகவே இது தரைவரை முங்கி, ஒருபக்கமாகப் புரண்டு, சேற்றையும் ஜலத்தையும் சேர்த்து உறிஞ்சி, பற்களுக்குப் பதிலாக மேல்தாடையில் தொங்கும் சல்லடைத் தகடுகளின் வழியே சேற்று நீரை வெளியே தள்ளி, உள்ளே சிக்கிய உயிர்களை மாத்திரம் விழுங்குகிறது. சிறிது மணலும் கூழாங்கல்லும் வயிற்றுக்குள் போய்விடுவதுண்டு என்றாலும் அது விருப்பத்தால் அன்று. பெரும்பாலானவை வலப்பக்கமாகவே புரளுகிற காரணத்தால், அப்பக்கத்துத் தகடுகள் தேய்ந்து குட்டையாகிவிடுகின்றன. கரையிலிருந்து காண விரும்புகிறவர், சுவாசப் புகையோடு, நீரின் மேல் பழுப்பாகப் பரவும் சேற்றுப் படலத்தையும் தேடுவது உசிதம்.

வாஷிங்டன் ராஜ்யத்தில், விட்பி தீவை அடுத்த ஆழமற்ற நீரில் ஒரு துடுப்பு மட்டும் மேலே தெரியக் கிடக்கும் திமிங்கிலத்தைக் கண்டு, அது கரைதட்டி மரணத்தோடு போராடுகிறதெனப் பரிதபிப்பவர்களும் உண்டு. உண்மையில், வசந்தகாலத்தில் சேற்று இறால்களை உண்ணவே சில திமிங்கிலங்கள் பெருக்கு நேரத்தில் அங்கே வருகின்றன. வற்றின பிறகு, அவை உறிஞ்சிய குழிகளைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

1994-ல் அமெரிக்க அரசின் அழிவபாயப் பட்டியலிலிருந்து இவ்வினத்தின் கிழக்குப் பசிபிக் கூட்டம் நீக்கப்பட்டதால், இனி இதற்குக் குறையில்லை என்று கருதுவோரும் பலர். ஆனால் 2016-ல் ஏறத்தாழ 27,000 இருந்த அதன் தொகை, 2023-ல் 14,500-ஐ ஒட்டிக் குறைந்தது. இடையே 2019 முதல் கரையொதுங்கிய சடலங்களில் பல, பட்டினியால் மெலிந்தவை. வடதுருவக் கடல்களின் பனிக்கட்டி குறைந்து, அடித்தரை ஆகாரம் மாறிவருவதே இதற்கு முக்கிய காரணமென ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.